பதினாறு கல் வட்டா

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை விட்டு முற்றம் ஈரமாகக் கிடந்த நேரம், அடுத்த ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"மாமா, உங்கட வட்டாவ ஒருக்காத் தருவீங்களா? ஞாயித்துக்கிழம அக்காக்கு எழுத்து. அந்த வட்டாவுல வெத்தில வைக்காட்டிக் கலியாணம் மாதிரியே இரிக்காதாம் எண்டு அம்மம்மா சொல்லுறா."

"தருவன் புள்ள, நாளைக்கு வா."

அவள் போன பிறகு அலுமாரியைத் திறந்து வட்டாவை எடுத்தேன். அதைக் கேட்டு ஒருவர் படலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. துணியைப் பிரித்தால் விளிம்பெல்லாம் கறுத்துப்போயிருந்தது. குசினிக்குப் போய் ஒரு கொட்டைப் பாக்களவு பழப்புளியைப் பச்சைத்தண்ணியில் கரைத்தேன். புளி வெள்ளியில் பட்டதும் ஒரு மணம் எழும்புமே, பழைய காசைக் கையில் பொத்தி வைத்திருந்தால் வருகிற மணம், அது மூக்கில் ஏறியது. ஆரையம்பதி வீட்டுத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு பெத்தா, அம்மாவின் அம்மா, இருக்கிறா. பக்கத்தில் சாம்பல் சிரட்டை. நான் ஆறு வயதுப் பொடியன்.

வட்டா என்று நாங்கள் சொல்வது வெற்றிலைத் தட்டைத்தான். ஆனால் தட்டையாகத் தரையில் கிடக்கிற தட்டம் இல்லை. ஒரு சாண் உயரத்துக்குக் கால் வைத்து, அதன் மேல் விரிந்த தாமரை மாதிரி உட்கார்ந்திருக்கும். பித்தளை வட்டா எங்கள் பக்கத்தில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் ஒன்றுபோல இருந்தது. வெள்ளி வட்டா அப்படியில்லை, போடிமார் வீடுகளில்தான் கண்டிருக்கிறேன். பெத்தாவின் மூத்தப்பா படுவான்கரையில் வயல் வைத்திருந்த போடியார். அவர் செய்வித்த வட்டா பெத்தாவின் அம்மாவுக்கு வந்து, பிறகு பெத்தாவுக்கு, பிறகு எங்கள் அம்மாவுக்கு வந்தது. மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். வீட்டோடு வட்டாவும் போகும். அப்படிப் பார்த்தால் அது என் தங்கச்சியின் வட்டா. அவள் வெளிநாட்டுக்குப் போகும்போது, "அண்ணா, இது ஊரிலேயே கிடக்கட்டும்" என்று தந்துவிட்டுப் போனாள். என் அலுமாரியில் இருக்கிற மற்றச் சாமான் எல்லாம் நான் தேடி வாங்கியவை. இது மட்டும் காவலுக்கு இருப்பது.

விளிம்பைச் சுற்றிப் பதினாறு கல். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று எட்டும் எட்டும். கூடவே ஒரு சுண்ணாம்புச் சிமிழ். சட்டைப்பை மணிக்கூடு மாதிரி வட்டமாக, சப்பையாக, மூடியின் நடுவில் ஒற்றைச் சிவப்புக் கல்லோடு. சங்கிலியில் ஒரு குட்டிக் கரண்டி தொங்கும். ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலில் கண்டி நாட்டுக் கைவினைஞர் செய்த சுண்ணாம்புச் சிமிழ்களும் வருகின்றன. அந்தப் பக்கங்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பெத்தாவின் இடுப்பு மடிப்புத்தான் நினைவுக்கு வரும். சிமிழ் எப்போதும் அங்கேதான் சொருகியிருக்கும்.

ஊருக்கு வெள்ளி வட்டா அது ஒன்றுதான். கலியாணம், சாமத்தியச் சடங்கு, வீடு குடிபூரல் என்று எதற்கும் எங்கள் படலையில்தான் வந்து நிற்பார்கள். மண்முனைத் துறையில் தோணி ஏறி வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம்கூட அது போய்வந்திருக்கிறது. இப்போது அந்தத் துறையில் பாலம் இருக்கிறது, 2014-இல் திறந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அக்கரை. அன்று வட்டாவை வெள்ளைச் சீலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தோணியில் இருப்பா. தோணிக்காரர் அவவை நடுவில்தான் இருத்துவார். செத்தவீட்டுக்கு மட்டும் அது போகாது. அதற்குப் பித்தளை வட்டா வேறாக இருந்தது.

கொடுக்கும்போது பெத்தா ஒன்று செய்வா. வாங்க வந்தவரைத் திண்ணையில் இருத்தி, வட்டாவை இருவருக்கும் நடுவில் வைத்து, அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக் கல்லுக் கல்லாகத் தொட வைத்து எண்ணுவா. ஒண்டு, ரெண்டு, மூண்டு… பதினாறு. திரும்பிக் கொண்டுவந்து தருகிறபோதும் அதே எண்ணிக்கை, அதே விரல். யார்மீதும் சந்தேகம் இல்லை. வந்தவர்களும் அப்படி நினைக்கவில்லை. மற்றவர் விரல் படாமல் அந்த வட்டா எங்கள் வீட்டை விட்டு இறங்கவுமில்லை, ஏறவுமில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அந்தக் கணக்கைக் கெடுத்தேன்.

பெத்தா எங்களுக்கு ஓயாமல் சொல்லியிருந்தா: "கல்லுல சுடுதண்ணி படப்புடாது மனே. அரக்கு இளகிரும்." பழைய கல் வேலையின் சூட்சுமம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது என்று பிற்காலத்தில்தான் விளங்கிற்று. இன்றைய மோதிரத்தில் கல்லை நாலு கொக்கி பிடித்திருக்கும், அடியில் வெளிச்சம் புகும். அந்தக் காலத்தில் கல்லுக்கு அடியை அடைத்துக் குழி செய்து, குழிக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, மேலே மினுங்குகிற மெல்லிய தகட்டை விரித்து, அதன்மேல் கல்லை இருத்தி, குழியின் உதட்டைச் சுற்றிவர அமத்தி விடுவார்கள். கல்லுக்குள் ஒரு விளக்கு எரிகிற மாதிரித் தெரிவது தகட்டின் வேலை. கல் அசையாமல் இருப்பதற்கு உதட்டோடு அரக்கும் காரணம். அரக்கு சூடு தாங்காது.

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள். வட்டாவை மினுக்கி வைத்தால் பெத்தா சந்தோஷப்படுவா என்று எனக்கு ஒரு எண்ணம். கோழிக்கு வைக்க இறக்கிய கொதிகஞ்சித் தண்ணி ஒரு சட்டியில் கிடந்தது. அதற்குள் வட்டாவைத் தலைகீழாக அமிழ்த்தினேன். எடுத்து முற்றத்து மணலில் வைத்துத் தேய்த்துக் கழுவி நிமிர்த்தினால், ஒரு சிவப்பு இல்லை. கறுப்பாக ஒரு குழி, அடியில் கொஞ்ச அரக்கு.

மூன்று நாள் அரிதட்டுப் போட்டு முற்றத்து மணலை அரித்தார்கள். வருடப்பிறப்புக்கு வந்த மாமிமாரும் சேர்ந்து அரித்தார்கள். மணல் முழுக்கச் சிவப்புத் துணுக்கு. மஞ்சாடிக் கொட்டையும் ஓட்டுத்துண்டும்தான். கல் கிடைக்கவில்லை. பெத்தா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அடுத்த கலியாணத்துக்கு வட்டா கேட்டு ஒரு மாமி வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெத்தா அந்த மாமியின் விரலைப் பிடித்து எண்ணினா. பதினைந்துக்குப் பிறகு விரல் நின்றது. "இதையும் எண்ணு கா" என்றா பெத்தா. "இல்லாததும் ஒண்டுதான்." பதினாறு என்றா மாமி.

நான் வெள்ளிச் சாமான் சேர்க்கத் தொடங்கியது அந்தக் குழியால்தான். அதை நிரப்ப ஒரு கல் தேடித்தான் போனேன்.

படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், டவுனில் ஒரு நகைக்கடைக்கு ஏதோ அலுவலாகப் போயிருந்தேன். யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பன்னீர்ச் செம்பு ஒன்றை மேசையில் வைத்துக் குறட்டால் கல்லுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் "டிக்" என்று ஒரு பால்மாப் பேணிக்குள் விழுந்தது. ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டேன். "வெள்ளிக்குத்தான் தம்பி விலை. கல்லோட நிறுக்க ஏலாதே." பிடுங்கிய செம்பைச் சுத்தியலால் நாலு அடி, அது ஒரு தகட்டு உருண்டையாகிவிட்டது. ஒரு தட்டார் மாதக்கணக்கில் குனிந்திருந்து தட்டிய பூவும் கொடியும் இரண்டு நிமிடத்தில் போயின. அன்று சம்பள நாள். பேணியை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு யார் வீட்டில் பழைய வெள்ளி விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் உருக்குகிற விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கத் தொடங்கினேன். இன்று என்னிடம் இருப்பது பதினொரு சாமான்: மூன்று சிமிழ், இரண்டு பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், மூடி தொலைந்த குங்குமச் செப்பு என்று போகும். பாதிக்குக் கல் இல்லை. கல் இல்லாததைத்தான் நான் கூட விரும்பி வாங்கியிருக்கிறேன்.

பேணிக்குள் என்ன இருக்கிறது என்று அறியப் பேருவளைக்குப் போனேன். சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார், வெள்ளைத் தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, கரண்டி நுனியால் பிரித்துத் தந்தார். பெரும்பாலான சிவப்பு மாணிக்கம் இல்லை, கார்னெட். கொஞ்சம் செவ்வந்திக்கல், இரண்டு சந்திரகாந்தம், நிறையப் பளிங்கு, மீதி கண்ணாடி. வெள்ளையில் சிலதை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார். "இது சிர்க்கோன் தம்பி. மாத்தறை வைரம் எண்டு சொல்லுறது. மினுக்கம் வைரம் மாதிரி, ஆனா உடம்பு பலமில்ல." பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். பட்டைகளின் ஓரமெல்லாம் எலி கொறித்த மாதிரித் தேய்ந்திருந்தது. சிர்க்கோன் ஒன்றோடொன்று உரசினாலே ஓரம் பொடியும் என்றார். பேணிக்குள் ஒன்றாகக் கொட்டி வைத்த பிழை அதில் தெரிந்தது. அன்றே ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மடித்தேன். பெரிய விலை எதற்கும் இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நான் விலைக்குப் போகவில்லை.

புளியந்தீவில் அப்போது கண் மங்கிய ஒரு வயதான தட்டார் இருந்தார். வட்டாவையும் கல் மடிப்புகளையும் அவர் முன்னால் வைத்தேன். முதலில் வட்டாவைத் தராசில் வைத்தார். 478 கிராம். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பது ரூவா நிறை. மிச்சம் கல்லும் அரக்கும்" என்றார். விளங்கவில்லை. அவர் சொன்ன கணக்கு இது: அந்தக் காலத்தில் வெள்ளிக்கட்டி வாங்க யாரும் கடைக்குப் போகவில்லை. இந்திய வெள்ளி ரூபாய்தான் இலங்கையிலும் புழங்கியது. ஒரு ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. செய்விக்கிறவர் நாற்பது ரூபாயைத் தட்டாரின் பாயில் எண்ணி வைப்பார். தட்டார் உருக்கித் தட்டி அதே நிறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூலி வேறு. நாற்பது ராணித்தலைக் காசு என் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. என் போடியார்ப் பாட்டன் எந்த வெள்ளாமை விற்றுச் சேர்த்த காசோ.

சிமிழை உரைகல்லில் ஒரு இழுவை இழுத்துப் பார்த்தார். பிறகு வட்டாவின் காலடியையும். இரண்டு கோட்டையும் வெளிச்சத்தில் காட்டினார். சிமிழின் கோடு கூட வெள்ளை. "இது ரூவா வெள்ளி இல்ல. இது அதுக்கு முந்தின வெள்ளி. செம்பு குறைய." வேறொன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு லாரின் காசுதான் மனதில் வந்தது. பாரசீகத்து லார் நகரத்தின் பேர் சொல்லி, தூண்டில் கொக்கி மாதிரி வளைத்த வெள்ளிக் கம்பி; பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இலங்கையில் காசாகப் புழங்கியது. எங்கள் கிழக்குக் கரையிலே, கொட்டியாரத்தில் 1660-இல் பிடிபட்டுக் கண்டி நாட்டில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபட் நொக்ஸ், 1681-இல் வந்த தன் நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளியில் சந்தேகம் வந்தால் காசைத் தணலில் செக்கச்செவேல் என்று பழுக்கக் காய்ச்சித் தண்ணியில் போடுவார்களாம். வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் செல்லும். செம்பு கலந்த வெள்ளி சூட்டில் கறுக்கும் என்பது தட்டாருக்கு மட்டுமல்ல, சந்தைக்கு வந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் சிமிழில் உருகியது லாரின்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆசை உண்டு.

பிறகு தட்டார் ஒவ்வொரு கார்னெட்டாக எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று குழியில் இறங்கும் ஆனால் தலை சரியும். நாற்பதுக்கு மேல் பார்த்திருப்பார். கடைசியில் வட்டாவைத் திருப்பித் தந்தார். "தம்பி, அப்ப குழி செஞ்சுபோட்டுக் கல்லுத் தேடுறதில்ல. கல்ல வச்சுத்தான் குழி செய்யிற. இந்தக் குழி அந்தக் கல்லுக்கு எண்டே செஞ்சது. வேற வைக்கிறண்டா உதட்ட வெட்டோணும். வெட்டவா?" வேண்டாம் என்றேன். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போன வருடம், கண்டி அரசரின் சிம்மாசனத்துக்கு முன்னால் மற்ற ஆசிரியர்கள் நகர்ந்த பிறகும் நான் நின்றேன். ஒல்லாந்தர் 1693-இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934-இல் திருப்பித் தந்தது. கைப்பிடிச் சிங்கத்தின் கண்கள் செவ்வந்திக்கல். நான் பார்த்தது அந்தக் கண்ணைச் சுற்றிய உதட்டை. அமத்தின விதம் எங்கள் வட்டாவில் உள்ளதுதான். எவ்வளவு பெரிய இருக்கையானாலும் கல்லைப் பிடித்து வைக்க ஒரு கை அப்படித்தான் குனிந்திருக்கிறது. இன்னொரு முறை ஒரு நூலில் வியன்னா நூதனசாலையில் இருக்கிற கரண்டிகளின் படம் பார்த்தேன். பதினாறாம் நூற்றாண்டில் இலங்கையில் செய்தவை. பளிங்கைக் கடைந்து, பொன்னால் கட்டி, சிவப்பும் நீலமும் பதித்தவை. போர்த்துக்கல் அரசி கத்தரீனா இலங்கைச் சாமான்களை ஆசையோடு வரவழைத்துச் சேர்த்தவ என்று படித்திருக்கிறேன். அந்தக் கரண்டிகளில் ஒருவரும் சோறு அள்ளியிருக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்க்கத்தான் அவை கடல் தாண்டிப் போயின. பத்தாவியாவில் 1754-இல் ஒல்லாந்து ஆளுநர் நாயகம் யாக்கப் மொஸல் ஆடம்பரத்துக்குத் தடைச் சட்டம் போட்டபோது, கல் பதித்த வெற்றிலைப் பெட்டியை எந்தத் தரத்து அதிகாரிகளின் மனைவிமார் வைத்திருக்கலாம் என்றுகூட எழுதி வைத்தார்கள். எங்கள் வட்டாவைத் தொடத் தரம் பார்க்கவில்லை. வெற்றிலை போடாத பிள்ளைகளும் நீட்டும்போது விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

1978 கார்த்திகை இருபத்திமூன்றாம் தேதிச் சூறாவளிக்கு எங்கள் ஓடு எல்லாம் பறந்தது. பெத்தா வட்டாவை நெல்மூட்டைகளுக்கு நடுவில் வைத்து அதன்மேல் ஏறி இருந்தா என்று அம்மா சொல்லுவா. பிறகு வந்த இடப்பெயர்வில் பொலித்தீனில் சுற்றி முருங்கைமரத்தடியில் தாட்டோம். திரும்பி வந்து தோண்டினால் கரி மாதிரி வந்தது. வெள்ளியைக் கறுப்பாக்குவது கந்தகம். வாவிக்கரையில் கண்டல் சேற்றைக் கிளறினால் ஒரு கூழ்முட்டை மணம் வருமே, அந்த மணத்திலும் அதுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் வெள்ளியைச் சும்மா வைத்திருக்க முடியாது. கை படவேண்டும், துடைக்கவேண்டும். வீடுதோறும் கடன் போய்வந்த காலத்தில் வட்டா ஒருநாளும் கறுத்ததில்லை. என் அலுமாரிக்குள் வந்த பிறகுதான் வருடா வருடம் கறுக்கிறது. வீட்டில் கலியாணம் நடந்த காலம் போய் மண்டபக் காலம் வந்துவிட்டது. மண்டபக்காரரே தட்டம், குத்துவிளக்கு எல்லாம் வாடகைக்குத் தருகிறார்கள். கேட்க ஆள் வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பிள்ளை வந்தாள். திண்ணையில் இருத்தி, அவள் விரலைப் பிடித்து எண்ணினேன். பதினைந்தில் நிறுத்தி, "இதுக்குள்ள ஒண்டும் இல்லையே மாமா" என்றாள். அதையும் எண்ணச் சொன்னேன். எண்ணினாள். தன் சோலில் சுற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் மெல்ல உருட்டிப் போனாள்.

திங்கட்கிழமை திரும்பி வந்தது. இரண்டு வெற்றிலையும் ஒரு துண்டுத் தொதலும் மேலே இருந்தன. எண்ணத் தொடங்கினோம். குழியில் விரல் பட்டதும் ஈரமாக ஏதோ ஒட்டியது. சிவப்பு. குங்குமத்தைக் குழைத்துக் குழி நிறைய, கல் மாதிரியே கொஞ்சம் மொட்டாக வைத்திருந்தார்கள். தூரத்தில் பார்த்தால் எட்டுச் சிவப்பும் இருந்தது.

"ஐயோ, துடைக்க மறந்திட்டன் மாமா" என்று பிள்ளை நாக்கைக் கடித்தாள். "அம்மம்மாதான் வச்சவ. அந்தக் காலத்துல வட்டா வாங்கிப் போற எல்லாரும் இப்பிடித்தானாம் வைக்கிற. திருப்பிக் குடுக்கக்குள்ள துடைச்சிருவாங்களாம், பெத்தா மனம் நோகும் எண்டு."

அவள் துணியை எடுத்தாள். இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன்.